வலது பின்சக்கரம்

அக்கா வீட்டுக்காரரின் வேனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டாம், வாசலிலேயே பிரித்துவிடலாம் என்று அவள் தம்பி, தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்க்கும் பம்புக்காரன், ஒற்றைக்காலில் நின்றான். வேறு எவனாவது பின் ஆக்சிலை உருவினால் உள்ளே எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பார்ப்பான். ஐந்து மாதத்துக்கு முன் அதை மாட்டியது இவன்.

மூன்று வாரத்துக்கு முன் சரிவில் பிரேக் சரியாகப் பிடிக்காமல், வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மச்சானுக்கு இடது கை முறிந்தது. "நான்தான் லேட்டா மிதிச்சேன், கண்ணு போயிடுச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். இருபது வருடம் வண்டி ஓட்டிச் சாப்பிட்டவர், வேனைச் சரிசெய்து விற்றுவிடப்போவதாகவும் சொன்னார்.

இப்போது கையில் கட்டோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பம்புக்காரன் ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மை எடுத்ததும் பிரேக் கட்டைகள் எண்ணெயில் மினுங்கின. முதுகால் மறைத்துத் துடைத்தான். பிரேக் தகட்டுக்குப் பின்னால் ஆக்சிலைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளையும் கழற்றினான். ஆக்சில் அசையவில்லை. டிரம்மை உள்வெளியாகத் திருப்பி ஆக்சிலில் மாட்டி, சக்கர நட்டுகளை நுனியில் மட்டும் ஏற்றி, அதையே சுத்தியல்போல வெடுக் வெடுக்கென்று வெளியே இழுத்தான்.

"பல்லா புடுங்குற மாப்ள?"

"ஆடுது மச்சான், விழமாட்டேங்குது."

"நம்ம கல்யாணப் பேச்சுலகூட இவ்வளவு இழுபறி இல்ல" என்றாள் அக்கா, கதவருகில் நின்று.

ஐந்தாவது இழுப்பில் பேரிங்கோடு வந்தது. ஆக்சிலை உருவிச் சாக்கில் கிடத்திவிட்டு உள்ளே டார்ச் அடித்தான். சீலின் ஒரு பக்கத்தில் பதிந்திருக்கும் ஸ்பிரிங் வெளிப்பக்கமாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பம்பில் வெளித்தண்ணீர் உள்ளே போகக்கூடாது, அதனால் ஸ்பிரிங் வெளிப்பக்கம் பார்க்கும். ஆக்சிலில் எண்ணெய் வெளியே வரக்கூடாது, ஸ்பிரிங் உள்பக்கம் பார்க்க வேண்டும். பதினைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகவே பம்புக்கு மாட்டுவதுபோல் மாட்டிவிட்டது.

புதுச் சீல் சட்டைப் பையில் இருந்தது. மாற்ற இரண்டு நிமிடம் போதும். பழையதை நெம்பி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"வாங்குறவன் நாளைக்கு வர்றான். வண்டிமேல குத்தமில்ல, ஓட்டினவன்மேலதான்னு சொல்லிடணும்" என்றார் மச்சான்.

பம்புக்காரன் எழுந்துபோய் அவருடைய நல்ல கையில் சீலை வைத்தான்.

"உங்கமேல இல்ல மச்சான். நான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். எண்ணெய் பூரா பிரேக்குல இறங்கியிருக்கு."

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"மோதின அன்னைக்கே சந்தேகம்."

"மூணு வாரமா என் கண்ணு போச்சுன்னு நானே சொல்றேன். நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டுற."

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வரவேணாம்னு அந்தாளுக்குப் போன் போடு" என்று அவளிடம் சொன்னார். பிறகு நாற்காலியைக் காலால் தள்ளிச் சக்கரத்தருகே போட்டு உட்கார்ந்தார்.

"மாட்டு. நான் பாக்கணும்."

மாப்ள என்று சொல்லவில்லை.