மிஞ்சிய திருகாணி

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் ஜெயவேலு தம் வீட்டு மிக்சியைத் தாமே பழுதுபார்த்து மூடியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. அதே கணத்தில் அவருடைய மனைவி ஹேமாவதியின் குரல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி. கடையிலேயே கொடுத்திருக்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். 'கொடுத்திருக்க' என்பது வரை அவள் வாயிலிருந்து வந்தது. 'லாம்' மிக்சியிலிருந்து வந்தது.

அது தாம்பரம் ரயில் நிலையத்தருகே நடைபாதையில் வாங்கிய, பெயரில்லாத மலிவு மிக்சி. ஏரிப் பாசன நிலத்தை மனைகளாக்கி விற்று, மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த ஜெயவேலு, தம் பொருளில் பிறர் கை வைப்பதை மானக்கேடாகக் கருதினார். கைபேசியில் காணொளி பார்த்து அவர் திறந்து மூடிய எதுவும் ஏதேனும் ஒன்றை மிச்சம் வைக்காமல் இருந்ததில்லை. மின்விசிறியில் ஒரு வாஷர் மிஞ்சியது முதல் வீட்டுப் பூனை வலப்புறம் மட்டுமே திரும்பியது. இஸ்திரிப் பெட்டியில் ஒரு ஸ்பிரிங் மிஞ்சிய ஆண்டு கொல்லை முருங்கை காய்ப்பதை விட்டது. அவற்றை எவரும் பெரிதுபடுத்தவில்லை.

செய்தி கேட்டு மெக்கானிக் மெர்வின் தானாகவே வந்தான். "அஞ்சு நிமிஷ வேலை சார். கழட்டி அந்த ஸ்க்ரூவப் போட்டா அக்காவுக்குக் குரல் வந்துரும்" என்றான்.

"நான் பூட்டினத நீ கழட்டுவியா? போய் வேற வேலையப் பாரு" என்றார் ஜெயவேலு. வீட்டின் அமைதி அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஹேமாவதி அத்திருகாணியைத் தாலிக்கயிற்று ஊக்கில் கோத்துக்கொண்டு, மிக்சியின் குமிழைப் பழகினாள். முதல் வேகத்தில் அவள் குரல் முணுமுணுத்தது. இரண்டாவதில் இயல்பாகப் பேசியது. மூன்றாவதில், இருபத்தேழு ஆண்டுகளாக அவள் விழுங்கியவற்றையெல்லாம் வெளியிட்டது. ஆகவே வலப்புறம் திருப்புவதை ஜெயவேலு தடை செய்தார். இடப்புறம் ஒரு கணம் திருப்பினால் 'சரி' என்ற ஒரே சொல் வரும். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது. உறவினர் வந்தால் அவளிடம் ஏதேனும் கேட்டுவிட்டு, குமிழை அவரே திருப்புவார். மிக்சி 'சரி' என்னும். பெண்டாட்டி என்றால் இப்படி அமைய வேண்டும் என்று உறவினர் பெருமூச்சு விட்டனர்.

ஒரு நாள், அவர் குளிக்கையில், மேடவாக்கத்திலிருந்து மகள் சத்யப்ரியா கைபேசியில் அழைத்தாள். ஹேமாவதி அதை மிக்சியருகே வைத்து மூன்றாம் வேகத்துக்குத் திருப்பினாள். அன்று தண்ணீர் லாரி வராததால் குளியல் பாதியிலேயே முடிந்தது. "என்னைக் கூட்டிக்கினு போயிடுடி" என்று மிக்சி அலறியதை, அவர் சோப்பு நுரையோடு நின்று கேட்டார். கேட்டு, மின்கம்பியைப் பிடுங்கினார். செவ்வாயன்று பழைய சாமான் ஆட்டோக்காரன் தேவானந்தத்திடம் மிக்சியைப் போட்டுவிட்டு, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி வாங்கிவந்தார்.

"இது மேலு. தண்ணியாவது புடிக்கும்" என்று அதை அவள் காலருகே வைத்தார்.

இரண்டாண்டுகள் கழிந்தன. அன்று கைபேசியில் வெறும் மிக்சி இரைச்சலையே கேட்டிருந்த மகள், எடுத்தும் பேசாத தாய்க்கு ஏதோ கோபம் என்று முடிவுசெய்து, பண்டிகைகளுக்கு மட்டும் அழைத்தாள். தேவானந்தமோ மிக்சியை ஆட்டோவின் ஒலிபெருக்கியில் இணைத்திருந்தான். சரி சொல்லிப் பழகிய குரலாதலால், கற்பித்ததையெல்லாம் அது சொன்னது. செவ்வாய்தோறும் அஸ்தினாபுரம் முதல் பீர்க்கன்கரணை வரை, "பழைய இரும்பு, ஈயம், பித்தள, ரிப்பேரான மிக்சி" என்று ஹேமாவதி தெருத்தெருவாகக் கூவினாள். ஹேமாவதியே வாசலில் நின்று அதைக் கேட்டாள்.

ஒரு செவ்வாயன்று அவள் ஆட்டோவை மறித்து, தாலியிலிருந்த திருகாணியைக் காட்டினாள். தேவானந்தத்துக்குப் புரிந்தது.

"எடுத்துக்கக்கா. ஆனா எனக்குச் சோறு போடறதே இதான். பதிலுக்குக் கூவறா மாதிரி ஒண்ணு குடு."

அவள் வராந்தாவைக் காட்டினாள். அங்கே ஜெயவேலு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தேவானந்தம் தராசுக் கொக்கியை அவருடைய பனியனில் மாட்டித் தூக்கினான்.

"யோவ், இன்னாயா பண்ற? நான் இந்த வூட்டு ஓனருய்யா."

தொழில் வழக்கப்படி தராசு ஏழு கிலோ குறைவாகவே காட்டியது. ஹேமாவதி பேரம் பேசவில்லை. செய்தித்தாள் தனியாக நிறுக்கப்பட்டது.

அவள் கத்தி முனையால் மிக்சியைத் திறந்து, திருகாணியை முடுக்கி மூடினாள். எதுவும் மிஞ்சவில்லை. பழக்கத்தால் அவள் வாயிலிருந்து முதலில் 'சரி' என்றே வந்தது. சற்று நின்று, 'முடியாது' என்று சொல்லிப் பார்த்தாள். தெளிவாகவே வந்தது. பிறகு மகளை அழைத்தாள்.

இப்போதும் செவ்வாய்தோறும் ஆட்டோ வருகிறது. "பழைய இரும்பு, பித்தள, ஏ ஹேமா, ரிப்பேரான ஃபேனு" என்று ஜெயவேலு கூவுகிறார். முந்தைய குரல் இனிமையானது, ஆயினும் இது நெடுந்தூரம் கேட்கிறது என்பது தெருவாரின் கருத்து. ஹேமாவதி ஏதேனும் ஒரு பொருளை எடுத்துவைத்திருந்து போடத் தவறுவதில்லை. சென்ற வாரம் அந்தச் சிவப்பு வாளியைப் போட்டாள். அதன் அடியில் ஓட்டை விழுந்திருந்தது.