குதிரைக்கு என்று எழுதிய தண்ணீர்

ஹோஸைச் சுருட்டக்கூட நேரமில்லை. ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் ஜீப் அதற்குள் முற்றத்தில் வந்து நின்றுவிட்டது. கென்ட்ரா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். தண்ணீர் லாரியின் டாங்க் நிரம்பி, புழுதியில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டாரை நிறுத்துடி!" என்றார் அப்பா ராய்ஸ், உதடு அசையாமல்.

டெபுடி லண்ட்க்விஸ்ட் இறங்கினார். காட்டுத்தீப் புகையில் மலை தெரியவில்லை. நல்லவேளை, மலைச் சரிவில் அவர்கள் தண்ணீர் இறக்கும் பிளாஸ்டிக் கொட்டகைகளும் தெரியவில்லை. லைசென்ஸ் இல்லாத கஞ்சாத் தோட்டத்துக்குத் தண்ணீர் விற்றால் குற்றம் என்று மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு லோடும் எங்கே போகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அப்பா ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியவர். இன்னொரு தடவை என்றால் லாரியும் போகும், அவரும் ஜெயிலுக்குப் போவார்.

"நோட்டைக் காட்டு, ராய்ஸ்."

அப்பா கொடுத்தார். டெபுடி விரலால் எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"ஹாஸ்கெல் பண்ணை, குதிரைக்கு. ஹாஸ்கெல் பண்ணை, குதிரைக்கு. ஒரே வாரத்துல ஆறு லோடா?"

"வெயில் அப்படி அடிக்குது சார்."

"அடிக்குது, அடிக்குது. ஆனா ஹாஸ்கெல் ஜூன் மாசமே குதிரையெல்லாம் வித்துட்டாரேப்பா. அதுல ஒண்ணு எங்க வீட்டு லாயத்துலதான் நிக்குது. நான் பக்கெட்ல தண்ணி வைக்கிறேன். அது ராத்திரியோட ராத்திரியா இங்க வந்து லாரி லாரியா குடிச்சிட்டுப் போகுதோ?"

ஏதாவது ஒரு குதிரைப் பண்ணை பேரைப் போடு என்றுதான் அப்பா கென்ட்ராவிடம் சொல்லியிருந்தார். ஏழு வயதில் சவாரி பழகிய இடம் என்று ஹாஸ்கெல் பேரைப் போட்டவள் அவள்தான். விற்ற சேதி அவள் காதுக்கு வரவில்லை.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே. உன்னோடது இல்லையே, ராய்ஸ்?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தபடி சொன்னார்: "நோட்டு அவ பொறுப்பு சார். நான் தொறந்தே பாக்குறதில்ல."

பதினாறு வயதுப் பெண்ணை ஜெயிலில் போடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாரா? இல்லை, பயத்தில் தள்ளிவிட்டாரா?

டெபுடி நோட்டை மூடினார். குரல் தணிந்தது.

"என்னைப் பாரு கென்ட்ரா. இதை நீயா எழுதினியா, அப்பா சொல்லி எழுதினியா?"