ஏசி வேண்டாத கட்டடம்

அக்காவும் தங்கையும் வேலை விஷயமாக ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போடவைத்தது ஒரு கட்டடம். பல்கலைக்கழகத்தின் புதிய ஆராய்ச்சிக் கட்டடத்தை வடிவமைத்தவள் அக்கா. அதிலேயே ஆராய்ச்சி செய்பவள் தங்கை.

"அக்கா, உன் கட்டடத்துக்குப் பேர் வச்சுட்டாங்க. அடுப்பாம்! என்னால தலைகாட்ட முடியல," என்று போனில் பொரிந்தாள் தங்கை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆய்வகங்களுக்கு மட்டும் ஏசி, மற்ற அறைகளுக்குக் காற்றே போதும் என்று அடித்துப் பேசி ஒப்புதல் வாங்கியவள் அவள்தான். நிழல் பக்கத்து ஜன்னல்களில் நுழையும் காற்று சூடானதும் உச்சிவரை திறந்த நடுக்கூடம் வழியே மேலேறி, கூரையடித் திறப்புகளில் வெளியேற வேண்டும். ஆனால் முதல் கோடையிலேயே எல்லா அறைக்கும் ஏசி மாட்டிவிடலாமென்று துறைத்தலைவர் கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முன்பே அவள் போய் நின்றாள். வாசலிலேயே அனல் முகத்தில் அறைந்தது. துறைத்தலைவர் வழுக்கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்கம்மா. நீங்க வரைஞ்ச காத்தைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்."

"நானும் அதுக்குத்தான் சார் வந்தேன்."

மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஜன்னலருகே பிடித்தாள். அசையவில்லை. கதவருகே, படியருகே, ஊஹூம். கணக்கே தப்போ? மாடி மாடியாக ஏறினாள். தங்கை முறைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். உச்சியில் அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூரையடித் திறப்புகள் அத்தனையையும் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

"புறா வந்து அசிங்கம் பண்ணுது. நான்தான் அடைக்கச் சொன்னேன்," என்றார் மூச்சிரைக்க வந்து சேர்ந்த துறைத்தலைவர். "அதனால என்ன?"

"மூக்கைப் பொத்திட்டு மூச்சு விடச் சொன்னா எப்படி சார்? புறாவுக்கு வலை போதுமே!"

தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். ஓடிப்போய் ஏணியையும் கொண்டுவந்தாள்.

"நீ பிடிச்சுக்கோ, நான் ஏறறேன்," என்றாள் அக்கா.

ஒரு பலகை கழன்றது. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததையும் கழற்றினாள். பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வர, கீழே எங்கோ ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அடுத்த நொடி நடுக்கூடம் முழுக்கக் குபுகுபுவென்று காற்று மேலேறியது.

"அப்பாடா!" என்று யாரோ கத்தினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"எங்க அக்கா!" என்று ஏணியைக் காட்டிக் கூவினாள் தங்கை.

கூட்டத்தில் ஏசி பற்றிய தாள்கள் மேசையை விட்டுப் பறந்தன. பொறுக்கக் குனிந்த துறைத்தலைவர் சிரித்தபடி நிமிர்ந்தார். "விடுங்க, போகட்டும். வலையை மட்டும் மாட்டச் சொல்லிடலாம்."

மறுவாரம் வளாகம் முழுக்க மின்சாரம் போனது. தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பக்கத்துக் கட்டடத்து ஆளுங்கல்லாம் நாற்காலியோட இங்க வந்துட்டாங்க. எனக்கு உட்காரவே இடமில்ல!"

"ஜன்னல் மேடையில உட்காருடி," என்றாள் அக்கா. "அதையும் நான்தான் அகலமா வச்சேன்."