பாதியில் நின்ற அலை

காலையில் அப்பாவை அடக்கம் செய்த இடத்து மண் செருப்பில் இன்னும் காயவில்லை. வழக்கம்போல மகள்தான் புரொஜெக்டரில் பிலிமைக் கோத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையும் அது பல்சக்கரத்தில் சிக்கியது. இந்த மனுஷர் செத்த பிறகும் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்து அழ விடமாட்டார்.

மாலை ஆறு மணிக் காட்சிக்கு அப்பா போன மாதமே அரங்கம் பிடித்திருந்தார். நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னதற்கு அம்மா, "அவர் காய்ச்சல்லகூட ஒரு காட்சிய நிறுத்தினதில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலலையில் பலகைமேல் நின்று சறுக்குபவர்களை அவர் எடுத்த அலைச்சறுக்குப் படங்கள் எதிலும் ஒலி கிடையாது. மைக்கைப் பிடித்து ஊர் ஊராக நேரில்தான் கதை சொல்வார். இன்றைக்கு யார் சொல்வது?

"நீதாம்மா. உனக்குத்தான் வரிக்கு வரி தெரியும்," என்றார் பலகைக்காரர். சறுக்குப் பலகை செய்பவர், அப்பாவின் நாற்பது வருடச் சிநேகிதர்.

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு மாமா. ஆனா அந்தப் பெரிய அலை வரும்போது என்ன சொல்லட்டும்? 'இது வந்த அன்னிக்குத்தான் என் பொண்ணு பொறந்தா'ன்னா? பெத்த புள்ளைய பாக்க வராம அலைய படம் புடிச்சவருக்கு ஊரே கை தட்டும். அதையாவது முழுசா எடுத்தாரா? பாதியில பிலிம் தீர்ந்துபோச்சு."

பலகைக்காரர் தரையைப் பார்த்தார்.

"தீரலம்மா."

"என்னது?"

"கேமராவுல பாதி பிலிம் மிச்சம் இருந்துச்சு. நான்தான் ஓடிப்போய், பொண்ணு பொறந்திருக்குன்னு கத்தினேன். கேமராவ மணல்ல போட்டுட்டு ஓடிட்டாரு. வண்டி கெடைக்காம வந்து சேர ரெண்டு நாளாச்சு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அப்பேர்ப்பட்ட அலைய நடுவுல விட்டவன்னு எங்க ஆளுங்க ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவாங்களே. என் வாயையும் கட்டிட்டாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ நாலு பேர் சிரிப்பார்கள் என்று, சொந்த மகளை முப்பத்தைந்து வருடம் வயிறெரிய விட்டிருக்கிறார். போய்க் கத்தலாம் என்றால் ஆளும் இல்லை.

விளக்குகள் அணைந்தன. அவருடைய அரதப் பழைய ஜோக்குகளை வேண்டாவெறுப்பாக ஒப்பித்தாள். அரங்கம் சிரித்தது. பெரிய அலை எழுந்தபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சறுக்குபவன் அலையின் சுருளுக்குள் நுழைந்தான். திரை வெளுத்தது.

"பிலிம் தீர்ந்துபோச்சு!"

ஒவ்வொரு காட்சியிலும் கத்துவதுபோல அரங்கமே கத்திச் சிரித்தது.

தீரவில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், மைக்கை அணைத்தாள். ரீலைப் பின்னால் சுற்றி, கையாலேயே மெதுவாக ஓட்டினாள். இந்த இடத்தில் அவள் எப்போதும் அடுத்த ரீலை எடுக்கத் திரும்பியிருப்பாள். அலை எழுந்தது. திரை வெளுக்கும் முன் கண்ணில் படாமல் ஓடிவிடும் கடைசிச் சில பிரேம்களில் கடல் சாய்ந்தது. கொஞ்சம் வானம், கொஞ்சம் மணல். பிறகு ஒரு வெறுங்கால் திரையின் குறுக்கே ஓடியது.

இந்த முறை யாரும் கத்தவில்லை. அவள் மறுபடி ரீலைப் பின்னால் சுற்றினாள்.