தொள்ளாயிரத்துப் பத்தொன்பது

விமானம் மேகச் சுவரைக் கிழித்துக்கொண்டு சூறாவளியின் கண்ணுக்குள் நுழைந்தபோது நடீன் நெகேஸ் இமைகளை மூடியிருந்தாள். பயத்தினால் அல்ல. புயலுக்குள் பறந்து அளவெடுக்கும் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆயிற்று. எலும்பெல்லாம் கழன்றுவிடும்போல் குலுக்கிய குலுக்கல் சட்டென்று நின்று, மூடிய இமைகளின் மேல் வெயில் விழும் அந்த நொடி அவளுக்குப் பிடிக்கும்.

கண்ணைத் திறந்து வட்ட ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். நாலாபுறமும் வெள்ளைச் சுவர் மேலே போகப் போக விரிந்து நீல வானத்தைத் தொட்டது. நடுவில் காற்றே இல்லை. வெளியேற வழி தெரியாத கடற்பறவைகள் கூட்டமாகச் சுற்றின. நான்கு எஞ்சின்களின் இரைச்சல்கூட எங்கோ தூரத்தில் கேட்க, தூக்கத்துக்குச் சற்று முந்தைய நிலையில் இருந்தாள்.

"நடீன், மையம் வந்தாச்சு. போடு," என்றார் கேப்டன் ஃபேர்லி, காதுக்கருவியில். விமானி அல்ல, வானிலை அதிகாரி அவர்.

முழ நீளமுள்ள அட்டைக் குழலைத் தரையிலிருந்த துவாரத்தில் நுழைத்து விட்டாள். அது சின்னப் பாராசூட்டில் தொங்கியபடி கடல்வரை இறங்கும். காற்றையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போகும்.

இது கல்லைப்போல் போயிற்று. பாராசூட் விரியவில்லை. கடைசியாக வந்த அழுத்த எண் 919. முந்தைய சுற்றில் 937 இருந்தது. அழுத்தம் குறையக் குறையப் புயல் மூர்க்கமாகும். ஒன்றரை மணி நேரத்தில் இவ்வளவு இறங்குமா?

அனுப்பலாமா என்று கேப்டன் கேட்டார். நடீனுக்கு அண்ணன் லீலண்டின் நினைவு வந்தது. இறால் பிடிப்பவன். இந்தப் புயல் போகும் வழியில், பிலாக்ஸிக் கரையில் அவன் வீடு. வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி விடியற்காலையில் ஹூஸ்டனிலிருந்து போனில் மன்றாடியிருந்தாள். அவனோ காப்பியை உறிஞ்சிக்கொண்டு, "டிவிக்காரனுக்கு எல்லாப் புயலும் பெரிய புயல்தான். நீ பத்திரமா போயிட்டு வா புள்ள," என்று வைத்துவிட்டான்.

உடனே அனுப்பிவிடத்தான் கை பரபரத்தது. ஆனாலும் சொன்னாள்: "இதை நம்ப முடியாது கேப்டன். வேகமா விழுந்திருக்கு. இன்னொண்ணு போடுறேன். இங்கேயே ஒரு சுத்து சுத்தச் சொல்லுங்க."

விமானி சரியென்று சாய்த்துத் திருப்பினார். வெயில் விமானத்துக்குள் மெல்ல நகர்ந்து அவள் மடியில் ஏறி இறங்கியது. இரண்டாவது குழல் நிதானமாக இறங்கிய அந்த நாலு நிமிடமும் நடீன் பறவைகளையே பார்த்திருந்தாள். இப்படியே இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. மறுநொடியே கூசிப்போனாள். இந்த வெள்ளைச் சுவர்தானே அண்ணன் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது?

எண் வந்தது. 919. கேப்டன் அதை மயாமியிலிருக்கும் புயல் எச்சரிக்கை மையத்துக்கு அனுப்பினார்.

அன்று மாலை ஹூஸ்டனில் இறங்கியதிலிருந்து அண்ணனை அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரவில் புயல் கரையேறியது. பிறகு மணியும் அடிக்கவில்லை. மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

கடலுக்கு எட்டாத ஹாட்டிஸ்பர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாக லீலண்ட் சொன்னான். புயலன்று மத்தியானம் விமானம் எடுத்த எண்ணை ரேடியோவில் சொன்னார்களாம். கேட்டதும் நாயைத் தூக்கி வண்டியில் போட்டுக் கிளம்பிவிட்டானாம். அவசரத்தில் போனை மேசையிலேயே விட்டுவிட்டான். "டிவிக்காரன் சொன்னா நம்ப மாட்டேன். இது நீ போய் எடுத்த நம்பரு," என்றான்.

ஒரு வாரம் கழித்து இருவரும் போய்ப் பார்த்தார்கள். வீடு இருந்த இடத்தில் ஆறு சிமெண்டுப் படிகள் மட்டும் மேலேறி நின்றன. லீலண்ட் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"புயலுக்குள்ளே எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "அழகா இருந்துச்சு லீலண்ட். வெயில் அடிச்சுது. பறவைங்க இருந்துச்சு. வெளியே வரவே மனசில்லை."

அவன் கடலைப் பார்த்தான். அது ஒன்றுமறியாததுபோல் கிடந்தது.

"நல்லவேளை," என்றான் கடைசியில். "இத்தனையும் வாரிக்கிட்டுப் போனது அசிங்கமா வேற இருந்திருந்தா எனக்குத் தாங்கியிருக்காது."

நடீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து இடம் விட்டான். பறவைகள் எந்த உயரத்தில் பறந்தன என்று கேட்டான். அவள் கையைத் தூக்கிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.