சீட்டின் பின்பக்கம்

செம்பாக்கம் ஏரியை ஒட்டியிருக்கும் அந்தச் சபையில் மூன்று வாரமாக ஒரே ரகளை. புத்தகத்தைப் படித்தவர்கள் ஆறு பேர், சண்டைக்கு வந்தவர்கள் அறுபது பேர். எழுதிய டேனியல் ஒரு காலத்தில் இதே சபையின் வாலிபர் சங்கச் செயலாளர். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் இப்போது எழுத்தாளராகத் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய நாவலில் ஒரு கிறிஸ்தவப் பெண், குடிகாரப் புருஷன் சாக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கோயில் ஜெபப் பெட்டியில் போடுகிறாள். எட்டாம் நாள் அவன் ரயிலில் அடிபட்டுச் சாகிறான். அடுத்த ஞாயிறு அவள் சிரித்த முகத்தோடு எழுந்து நின்று, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொல்கிறாள்.

“எந்தக் கிறிஸ்தவ ஸ்திரீயாவது இப்படி ஜெபிப்பாளா?” என்று கமிட்டிக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார் செயலாளர் ஞானசிகாமணி. போதகர் ஜோஷ்வா ஐயர் மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “எழுதினவரையே கூப்பிட்டுக் கேட்டுடுவோம். ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் அரை மணி நேரம்” என்று பேச்சை முடித்துவிட்டார்.

மேசையைத் தட்டியதில் தளும்பிய டீயைத் துடைத்தவள் தனம். பதினான்கு வருடமாக அந்தக் கோயிலைப் பெருக்கித் துடைத்து, கூட்டத்துக்கெல்லாம் டீ போடுகிறவள். அப்படி ஜெபித்த ஸ்திரீ அவள்தான். அது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

அவளுக்கே விஷயம் தெரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மகள் சத்யபிரியா குரோம்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். தோழியிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, சத்தமாகப் படித்தாள். கை ஒடிந்தது, பெட்டியில் சீட்டு, எட்டாம் நாள் தண்டவாளம். அது தன் சீட்டுதான் என்று தனத்துக்குத் தெரிந்துவிட்டது.

“எப்படிம்மா ஒருத்தி இப்படி வேண்டிக்குவா? பேய்ங்களா இதுங்க?” என்றாள் சத்யபிரியா.

தனம் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சத்யபிரியாவுக்கு அப்பா என்றால் உயிர்; கதையில் வரும் குடிகாரனை அவரோடு சேர்த்துப் பார்க்கவே அவளுக்குத் தோன்றவில்லை. பொன்னுசாமி குடிக்காத நாளில் மகளுக்குக் காராசேவு வாங்கி வந்து, தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றுவான். குடித்த நாளில் பெண்டாட்டியை அடிப்பான். மகளுக்குக் காராசேவு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது; அம்மாவின் கைக்கட்டுகூடக் கீழே விழுந்ததால் என்றுதான் நம்பியிருந்தாள். இருக்கட்டும் என்றுதான் தனமும் விட்டிருந்தாள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது அவன் செத்தான். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தச் சபையில் ஜெபப் பெட்டிக்கு ஒரு முறை உண்டு. சீட்டில் பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஜெபிப்பார். பிறகு எல்லாவற்றையும் கோயிலுக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் போட்டு எரித்துவிட வேண்டும். பார்த்ததைப் பேசக் கூடாது. எரிக்கிற வேலை தனத்துடையது, பெட்டியைத் திறந்து பிரித்துக் கொடுக்கிற வேலை அந்தக் காலத்தில் டேனியலுடையது.

தான் எழுதிப்போட்ட வாரம், எரிப்பதற்கு முன்னால் தனம் தன் சீட்டைத் தேடினாள். அது இல்லை. அன்றைய போதகர் அதைத் தனியாக எடுத்துப் பலிபீடத்து வேதப்புத்தகத்தில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கதையில் எட்டாம் நாள்; நிஜத்தில் ஆறாம் நாளே பொன்னுசாமி போய்விட்டான். பதினோரு வருடம் அவள் தூக்கம் கெட்டுக் கிடந்ததற்கு ஒரே ஆறுதல் அந்தச் சீட்டுதான். அந்தப் போதகர் அதைப் பார்த்தார், அதில் எழுதியிருந்தது முழுவதும் ஆண்டவர் சந்நிதியில் இருக்கிறது என்பதுதான். களவாணிப்பயல் டேனியல் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்று இப்போதல்லவா தெரிகிறது!

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. மாதக்கணக்காக வராதவர்கள்கூட வந்து முன்வரிசை பிடித்திருந்தார்கள். பாடகர் குழுவில் சத்யபிரியா. கடைசியில் கதவோரம், டீ கேன் பக்கத்தில் தனம்.

டேனியல் நன்றாகவே பேசினார். சபை அழுகிறவளின் பக்கம் நிற்க வேண்டும், ஊமைகளுக்காக எழுத்தாளன் வாய் திறக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான்கு பேர் தலையாட்டினார்கள். தனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடா ஊமை?

ஞானசிகாமணி எழுந்தார். “தம்பி, ஒரே கேள்வி. நம்ம சபையைக் கேவலப்படுத்த நீங்களா கற்பனை பண்ணினதுதானே இது?”

“கற்பனை இல்லை அங்கிள்.” டேனியல் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். லேமினேஷன் போட்ட ஒரு துண்டுக் காகிதம். “இந்தக் கோயில் பெட்டியில வந்த சீட்டு. பதினோரு வருஷமா பத்திரமா வச்சிருக்கேன். என் நாவலுக்கு இதுதான் விதை.” வாசித்தும் காட்டினார். “ஆண்டவரே, இந்த மனுசன எங்கிட்ட இருந்து எடுத்துடுங்க. கையி ஒடிஞ்சி கீது. இதுக்கு மேல தாங்காது.”

கோயில் கொதித்தது. பொய் என்றார்கள், வெளியே போ என்றார்கள். ஒரு அம்மாள் கோபத்தில் தன் பர்ஸை எறிய ஓங்கி, அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஒடிந்த கையைப் பற்றி அந்த அறுபது பேரில் ஒருவர் கேட்டாரா என்றால் இல்லை. ஞானசிகாமணி கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார்.

“இங்க இருக்கிற சகோதரிகளையே கேட்கிறேன். இதை எழுதினவங்க யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க, பார்ப்போம்!”

யாரும் எழ மாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்ட கேள்வி அது. தனம் மகளைப் பார்த்தாள். சத்யபிரியாவின் முகமும் கோபத்தில் சிவந்திருந்தது, யாரோ ஒரு பேய்ப் பொம்பளை மேல். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பேய் காலத்துக்கும் பேயாகவே இருக்கும். வாயைத் திறந்தால் மகள் போய்விடலாம். தனம் டீ கேனின் குழாயை மூடினாள்.

“நான்தான் எழுதுனேன்.”

அறுபது தலையும் திரும்பின. அவள் நடுவில் நடந்து வந்தாள். கோயிலில் அவள் விளக்குமாறு இல்லாமல் அந்த வழியில் நடந்ததை அன்றுதான் பலரும் பார்த்தார்கள்.

“அக்கா... நீங்களா?” என்றார் டேனியல். “எனக்கு யாருன்னே தெரியாதுக்கா. பேரு இல்லாம இருந்துச்சு. அந்த வாரம் பேப்பர்ல வந்த ரயில் சாவை நானாத்தான் சேர்த்துக்கிட்டேன்.”

“அதத் திருப்பு. பின்பக்கம் படி.”

“அக்கா, அது...”

“லேமினேசன் ரெண்டு பக்கமும் தெரியுது இல்ல? படி!”

டேனியல் ஐயரைப் பார்த்தார். ஐயர் கண்ணை எடுக்காமல் “படிங்க தம்பி” என்றார். டேனியல் படித்தார். அதுவரை இருந்த மேடைக்குரல் எங்கே போனதோ.

“ஆனா அவரு உசுருக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. எங்கனா போயி நல்லா இருக்கட்டும். எம்பொண்ணுக்கு அவருன்னா உசுரு.”

“இத ஏன் பொஸ்தகத்துல போடல?”

“கதைக்கு அது... தேவைப்படலக்கா.”

“எனக்குத் தேவைப்பட்டுச்சே!” தனத்தின் குரல் மச்சு வரை போய் முட்டியது. “சாட்சி சொன்னேனா நானு? சிரிச்சிகினு சொன்னேனா? மூணு மாசம் சோறு எறங்கல எனக்கு. ஆண்டவரு பின்பக்கத்தப் படிக்காம வுட்டுட்டாரோன்னு பதினோரு வருசமா கெடந்து வேவுறேன். நீ அத மடிச்சி பாக்கெட்ல வெச்சிகினு பூட்ட! அன்னிக்கி அதுக்கு ஜெபம் பண்ணியா? யாருக்கிட்டனா குட்த்து ஜெபம் பண்ணச் சொன்னியா?”

டேனியல் அட்டையைக் கீழே இறக்கினார்.

“எழுதச் சொல்லி நான் பொட்டில போடல. ஜெபிக்கத்தான் போட்டேன்.”

ஞானசிகாமணி மெல்ல உட்காரப் பார்த்தார். தனம் விடவில்லை. “நீங்க இன்னா சார்? எந்தக் கிறிஸ்தவ ஸ்திரீன்னு கேட்டீங்களே. கையில மாவுக்கட்டு போட்டுகினுதான் ரெண்டு மாசம் உங்க கோயில பெருக்குனேன். கீழ வுழுந்தியான்னு கேட்டீங்க. ஆமான்னேன். அதோட முடிஞ்சிச்சி உங்களுக்கு.”

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவள் கோயிலுக்குப் பின்னால் போனாள். தகர டப்பா முன்னால் குந்தி அதைக் கிழிக்கப் பார்த்தாள். பிளாஸ்டிக் கிழியவில்லை. வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சத்யபிரியா பாடகர் குழுவின் வெள்ளை அங்கியோடு வந்து நின்றாள். தனம் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் குனிந்து அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினாள். முன்பக்கத்தைப் படித்தாள். பின்பக்கத்தைப் படித்தாள். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள்.

“எந்தக் கையிம்மா?”

தனம் இடது கையை நீட்டினாள். மகள் அந்த மணிக்கட்டைத் தடவி, எலும்பு கோணலாகக் கூடிய இடத்தில் விரலை வைத்தாள். தினம் ரத்தம் எடுப்பதற்காக ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பார்க்கிறவள். வீட்டில் இருந்த கையை இன்றைக்குத்தான் பார்த்தாள். அப்புறம் அட்டையை டப்பாவில் போட்டுத் தீப்பெட்டியை உரசினாள். பிளாஸ்டிக் சுருண்டு, நாற்றமடித்து, கரியாக எரிந்தது.

கதவிடுக்கில் ஞானசிகாமணியின் தலை தெரிந்தது. “தனம்... எல்லாரும் டீக்கு நிக்கிறாங்கம்மா.”

தனம் எழுந்திருக்கப் போனாள். பதினான்கு வருடப் பழக்கம். சத்யபிரியா அந்தக் கையை விடவில்லை.

“கேன் அங்கதான் இருக்கு அங்கிள்” என்றாள். “நீங்களே ஊத்திக் குடுங்க.”