டீ போட்டுக் காட்டச் சொன்னார்கள்

"ரெண்டு கப் டீ போடுங்க ஐயா. இன்னைக்கு இவ்வளவுதான் பரீட்சை," என்றார் தெரபிஸ்ட், அப்பாவைப் பார்த்து.

மூத்தோர் மனநல மையத்தின் கடைசி அறை அது. உள்ளே அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். ஆயிரம் கேள்வி கேட்பதைவிட ஒரு டீ போடச் சொன்னால் போதும், மூளை எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும் என்பது அங்கே வழக்கம்.

"டீயா? இவரா?" அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "இவரு உள்ள போனா அடுப்பே எழுந்து நின்னு, நீங்க யாருன்னு கேக்கும்!"

மகளும் சிரித்தாள். சிரித்த கையோடு மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே முதியோர் இல்லத்தின் சேர்க்கைப் படிவம் இருந்தது. அதில் அப்பாவின் பெயரை நேற்றே எழுதிவிட்டாள். இன்று புதன். மையத்தின் அறிக்கையையும் சேர்த்துச் சனிக்கிழமை கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடலாம்.

வெளிநாட்டில் அவளுக்கு இரண்டு வருடமாக நிம்மதியே இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா ஒரு புதுக் கதை சொல்வாள். அடுப்பை எரியவிட்டுட்டுப் போயிட்டாரு. சாவியத் தொலைச்சுட்டாரு. வாசக்கதவத் திறந்து போட்டுட்டுத் தூங்கிட்டாரு. போனை அப்பாவிடம் கொடுத்தால், "ம்... நல்லாருக்கேன்" என்பதோடு சரி. அப்புறம் அந்த 'ம்'மும் நின்றுபோனது. வந்து பார்த்தால் ஆள் பாதியாகியிருந்தார். எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்தார்.

அப்பா எழுந்தார். பாத்திரத்தை எடுப்பார் என்று பார்த்தால் முதலில் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கிடந்த கத்தியை எடுத்து, எட்டாத அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெரபிஸ்டின் பேனா நின்றது.

அம்மா, "நான் போடறேன் விடுங்க" என்று பின்னால் போனாள். அப்பா திரும்பக்கூட இல்லை. தெருவைக் கடக்கும்போது குழந்தையைத் தடுப்பதுபோல் இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார். அம்மா சொல்லி வைத்தாற்போல் நின்றாள்.

பால் பொங்கும் நேரத்தில் குமிழை அணைத்தார். குனிந்து சிலிண்டரை மூடினார். மறுபடி குமிழைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கப்பில் பாதி மட்டும் ஊற்றி, ஆற்றி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, அம்மாவின் விரல்களைப் பிடித்து கப்பைச் சுற்றி மடக்கி விட்டார்.

இதெல்லாம் ஒரு நாளில் படிந்த பழக்கமில்லை. மகளுக்கு அது தெரிந்தது. ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை.

"வீட்டுல யாரும்மா சமைக்கிறது?" என்று அம்மாவிடம் கேட்டார் தெரபிஸ்ட்.

"வேற யாரு? நான்தான்," என்றாள் அம்மா.

"அப்ப எனக்குக் கொஞ்சம் சர்க்கரை எடுத்துக் குடுங்களேன்."

சர்க்கரை டப்பா கண்ணெதிரே மேடைமேல் இருந்தது. அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள், மூடினாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "உங்க உடம்புக்குச் சர்க்கரை எதுக்கு?" என்று ஒரு ஜோக் அடித்தாள். அப்புறம் அடுப்பின் குமிழைத் திருகிவிட்டு, வேலை முடிந்ததுபோல் புன்னகையோடு நின்றாள்.

"அவளச் சோதிக்காதீங்க!"

அறையே அதிர்ந்தது. கத்தியது அப்பா. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா... நாம இப்ப எதுக்கு வந்திருக்கோம்?"

"உங்கப்பாவுக்குக் கண்ணு பாக்கத்தான். நீதானே கூட்டிட்டு வந்த? நல்லாக் கேக்குற கேள்வி!"

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் வந்து அம்மாவை நைசாகப் பேசி வெளியே கூட்டிப்போனாள்.

கதவு மூடியதும் அப்பா நாற்காலியில் சரிந்தார்.

"ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாள் பால் தீஞ்சு செவுரெல்லாம் கரி. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. உங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியல. நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் சாவி, கதவு... எல்லாம் நான்தான்னேன்."

"அதுக்காக அம்மா எங்கிட்டயே பொய் சொல்லுவாளா?"

"பொய் இல்லம்மா. நான் சொன்னத அவளும் நம்பிட்டா."

அப்போதுதான் மகளுக்குப் புரிந்தது. சனிக்கிழமை அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அம்மாவை அந்த அடுப்போடு தனியாக விட்டுப் போயிருப்பாள். அதுவும், எல்லாம் சரியாகிவிட்டது என்ற நிம்மதியோடு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா!"

அப்பா அவளுடைய பையைப் பார்த்தார். "நேத்து நீ எழுதுறதப் பாத்தேன். சொன்னா அந்தப் பேப்பர்ல பேரை மட்டும் மாத்திடுவியோன்னு பயம்."

அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். செய்திருப்பாள்.

தெரபிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்தார். "அந்தப் பேப்பர் இப்ப யாருக்கும் வேணாம். அம்மாவை டாக்டர் பாக்கணும். வாரத்துல மூணு நாள் பகல்ல அவங்க இங்க இருக்கட்டும், எங்க வண்டியே வந்து கூட்டிட்டு வரும். ஐயா, உங்களுக்கு மறதி இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. மனசும் உடம்பும் ஓஞ்சு கிடக்கு. அதுக்கும் வைத்தியம் இருக்கு."

"மூணு நாளும் நானும் கூட வரலாமா?"

"வேணாம். நீங்க வீட்டுல தூங்கணும். கடைசியா எப்ப நல்லாத் தூங்குனீங்க?"

அந்தக் கேள்வியே புரியாததுபோல் அப்பா விழித்தார். "ராத்திரி அவ எழுந்து வெளிய போயிட்டா? கதவ யாரு பாத்துக்குவா?"

மகளின் கையில் விமான டிக்கெட்டைத் தவிர எதுவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் பாத்துக்கறேன்ப்பா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பம் என்று உறைத்தது. ஆனால் அப்பா ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி, சனி. எண்ணிவிட்டு நம்ப முடியாமல் அவளைப் பார்த்தார்.

"நாலு ராத்திரியா!" என்றார்.